ஒரே ரோடு ஏன் இத்தனை விதம்? – எங்க கும்பகோணம் ரோட்டின் கதை

போன பொங்கலுக்கு என் அக்கா பையன் சென்னையிலிருந்து குடும்பத்தோட காரில் வந்திருந்தான். வந்து இறங்கி, கை கால் கழுவி, ஒரு சொம்பு தண்ணி குடிச்சதும் அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"மாமா, இந்த ரோட்டுக்கு ஒரே நம்பர்தானே? ஆனா நாலஞ்சு ரோட்டுல மாறி மாறி வந்த மாதிரி இருக்கு. ஏன் இப்படி?"

அவன் சொன்னது நிஜம். தாம்பரத்திலிருந்து திண்டிவனம், விக்கிரவாண்டி வரைக்கும் அகலமான ரோடு. விக்கிரவாண்டியில் திருச்சி ரோடு நேரே போயிடும், நாம இடது பக்கம் தஞ்சாவூர் ரோட்டில் திரும்பணும். திரும்பினதும் கதை மாறிடும். கொஞ்ச தூரம் நாலு வழி, அப்புறம் மண் மேடும் மாற்றுப் பாதையும், அப்புறம் பழைய ரெண்டு வழி ரோடு, பண்ருட்டி வந்தா பலாப்பழக் கடை நெரிசல், நெய்வேலி தாண்டி வடலூர்ப் பக்கம் மறுபடி வேற விதம். சேத்தியாத்தோப்பு தாண்டி எங்க பக்கம் வந்தா, பறக்கலாம் போல ஒரு ரோடு.

அன்னைக்கு அவனுக்கு வாயால சொன்ன பதிலைத்தான் இப்போ கொஞ்சம் விரிவா எழுதுறேன். நான் பன்னிரண்டாவது வரைக்கும் படிச்சவன், வரலாற்று ஆசிரியர் இல்லை. ஆனா சேத்தியாத்தோப்புக்கும் மீன்சுருட்டிக்கும் நடுவில், இந்த ரோட்டோரத்திலேயே ஐம்பது வருஷத்துக்கு மேல இருக்கேன். பார்த்ததும் உண்டு, தேடிப் படிச்சதும் உண்டு.

முதல்ல ரோட்டைப் பத்தி. விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு, மீன்சுருட்டி, அணைக்கரை, திருப்பனந்தாள், கும்பகோணம் வழியா தஞ்சாவூர் வரைக்கும் சுமார் 165 கிலோமீட்டர். பழைய எண் 45சி. 2010-ல் நாடு முழுக்க நெடுஞ்சாலைகளுக்கு எண் மாத்தினப்போ இது 36 ஆயிடுச்சு. எங்க ஊர்ல ரெண்டு எண்ணையும் யாரும் சொல்றதில்லை. வடக்கே போறப்ப "மெட்ராஸ் ரோடு", தெற்கே போறப்ப "கும்பகோணம் ரோடு". அவ்வளவுதான்.

பழைய காலத்திலிருந்து வருவோம். எங்க ஊர்லேருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கட்டின தலைநகர். அதுக்கப்புறம் 250 வருஷம் சோழ நாட்டுக்கே அதுதான் தலைநகரா இருந்தது. தலைநகர்னா படை போகணும், நெல் வரணும், வணிகர் வரணும். பெரிய பாதைகளைக் கல்வெட்டுகளில் "பெருவழி"ன்னு எழுதியிருக்காங்க.

தர்மபுரிப் பக்கம் அதியமான் பெருவழின்னு ஒரு பாதையோட மைல் கல் கிடைச்சிருக்கு. நாவற்தாவளம் என்ற ஊருக்கு 29 காதம்னு அதில் எழுத்தில் வெட்டியிருக்கு. அதோட, எழுத்துக்குக் கீழே ரெண்டு பெரிய குழியும் ஒன்பது சின்னக் குழியும் போட்டிருக்காங்க. பெரிய குழி பத்து, சின்னக் குழி ஒண்ணு. படிக்கத் தெரியாத வண்டிக்காரனும் கையால தடவிப் பார்த்து, இருட்டிலேயும் தூரம் தெரிஞ்சுக்கலாம். இதைப் படிச்சப்போ எனக்கு ஆச்சரியமா இருந்தது. அந்தப் பாதையில் யார் போறாங்கன்னு யோசிச்சு அந்தக் கல்லை நட்டிருக்காங்க. நான் சொல்லப்போற கதை முழுக்க இதுதான்: ரோடு யாருக்காகன்னு அந்தந்தக் காலத்தில் நினைச்சாங்களோ, அவங்களுக்கு ஏத்த தரத்தில்தான் அது இருந்திருக்கு. மத்தவங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டாங்க.

அடுத்து வெள்ளைக்காரன் காலம். 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் ரெண்டு அணை கட்டினார். மேலே முக்கொம்பில் ஒண்ணு, கீழே எங்க பக்கத்தில் ஒண்ணு. கீழணைன்னு பேர், அந்த இடம் அணைக்கரை. அங்கே கொள்ளிடம் ரெண்டாப் பிரிஞ்சு நடுவில் ஒரு தீவு மாதிரி இருக்கும். இந்த அணையிலிருந்துதான் வடவாறு வழியா வீராணம் ஏரிக்குத் தண்ணி வருது. பராந்தக சோழன் காலத்து ஏரி அது. எங்க பக்கத்து வயலுக்கெல்லாம் அதுதான் உயிர்.

அந்த அணை தண்ணிக்காகக் கட்டினது, ரோட்டுக்காகக் கட்டினதில்லை. ஆனா கொள்ளிடத்தைத் தாண்ட எங்களுக்கு வேற வழி ஏது? அணை மேல இருந்த குறுகலான பாலத்திலேயே மாட்டு வண்டி போச்சு. பிறகு பஸ் போச்சு. பிறகு லாரி, கரும்பு லோடு, சிமென்ட் லோடு எல்லாம் போச்சு. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால இந்தப் பாலத்துக்கு வருவேன்.

ரோடு போடுற முறையும் அந்தக் காலத்தில்தான் மாறுச்சு. மெக்காடம்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கண்டுபிடிச்ச முறை. உடைச்ச ஜல்லியைப் பரப்பி இறுக்கி ரோடு போடுறது. எங்க பாட்டி "கப்பி ரோடு"ன்னுதான் சொல்லும். தார் இல்லை. ஜல்லி, மேலே கிராவல், தண்ணி ஊத்தி உருளை ஓட்டுறது. இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரம் ஏறி ஏறி நடுவில் ரெண்டு பள்ளம் விழுந்துடும். மழை பெஞ்சா அந்தப் பள்ளம் வாய்க்கால்.

அப்போ ஏன் இந்த ரோட்டை யாரும் கவனிக்கலை? காரணம் ரயில். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மெயின் லைன் வந்துடுச்சு. விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர்னு கிழக்கே போச்சு. 1920-களின் கடைசியில் கார்டு லைன் விருத்தாசலம், அரியலூர் வழியா மேற்கே போச்சு. படத்தை எடுத்துப் பார்த்தீங்கன்னா தெரியும், ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் நாங்க மாட்டிக்கிட்டோம். சர்க்கார் கடிதம், துரைமார், பணக்காரப் பயணிகள், நெல் மூட்டை எல்லாம் ரயிலில் போயிடுச்சு. ரோட்டுக்கு மிச்சம் யார்? மாட்டு வண்டியும், நடந்து போறவனும், ரயிலடிக்கு மூட்டை ஏத்திட்டுப் போறவனும். அவனுக்குக் கப்பி ரோடு போதும்னு விட்டுட்டாங்க.

இந்தியா முழுக்கவே இதே நிலைமை இருந்ததால 1927-ல் ஜெயகர் என்பவர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டாங்க. மோட்டார் வண்டி பெருகிடுச்சு, ரோடு தாங்கலைங்கிறதுதான் பிரச்சினை. பெட்ரோலுக்குக் கூடுதல் வரி போட்டு அதை ரோட்டுக்குச் செலவு பண்ண 1929-ல் ஒரு நிதி ஏற்படுத்தினாங்க. 1934-ல் இந்திய சாலைக் காங்கிரஸ் வந்தது. எந்த ரோடு எவ்வளவு அகலம், எவ்வளவு கனம், எவ்வளவு வளைவுன்னு இன்னைக்கும் விதி எழுதுறது அவங்கதான். 1943-ல் நாக்பூரில் தலைமைப் பொறியாளர்கள் கூடி ரோட்டையெல்லாம் தரம் பிரிச்சாங்க. தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை.

மனுஷங்களைப் போல ரோட்டுக்கும் மேல் கீழ் வந்தது இப்படித்தான். மேல இருக்கிற ரோட்டுக்கு மத்திய சர்க்கார் பணம். அதுக்கடுத்து மாநிலப் பணம். கடைசி ரோட்டுக்குப் பஞ்சாயத்துப் பணம், அதாவது பெரும்பாலும் பணம் இல்லை. நீங்க ரோட்டோர கிலோமீட்டர் கல்லைப் பார்த்தாலே இது தெரியும். தலையில் மஞ்சள் அடிச்சிருந்தா தேசிய நெடுஞ்சாலை, பச்சை அடிச்சிருந்தா மாநில நெடுஞ்சாலை.

எங்க ரோட்டுக் கல்லில் பச்சை மஞ்சளா மாறினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஊரே டீக்கடையில் பேசிக்கிச்சு, "இனிமே நம்ம ரோடு சென்ட்ரல் கவர்மென்ட் ரோடு"ன்னு. கல்லு மாறின அளவுக்கு ரோடு மாறலை. அதே பள்ளம், அதே வளைவு. ஒரு பெரியவர் சொன்னார், "மாட்டுக்குக் கொம்புல பெயின்ட் அடிச்சா பால் அதிகமா கறக்குமாடா?"

இப்போ என் கண்ணால் பார்த்த காலத்துக்கு வர்றேன். நான் சின்னப் பையனா இருந்தப்போ தார் ரோடு வந்துடுச்சு. ஆனா தார் போட்டது நடுவில் பன்னிரண்டு அடி. விதிப்படி ஒரு வழி ரோடுன்னா 3.75 மீட்டர், அதாவது பன்னிரண்டு அடிதான். எதிரே வண்டி வந்தா ரெண்டு பேருமே ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கணும். யார் முதல்ல இறக்குறதுன்னு ஒரு வீம்பு நடக்கும். கும்பகோணத்தைத் தலைமையிடமா வச்சு 1972-ல் ஆரம்பிச்ச சோழன் போக்குவரத்துக் கழக பஸ்தான் எங்களுக்குத் தெரிஞ்ச பெரிய வண்டி. எதிரே லாரி வந்தா நாங்க ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பந்தயம் கட்டுவோம்.

அப்புறம் 5.5 மீட்டர் ஆச்சு. இஞ்சினீயர் பாஷையில் அது இடைநிலை அகலம், எங்க பாஷையில் ஒண்ணரை ரோடு. அதுக்கப்புறம் 7 மீட்டர். அதுதான் முழு ரெண்டு வழி. இதுக்கு எனக்கு முப்பது வயசு ஆயிடுச்சு. ஒவ்வொரு தடவை அகலமாக்கும்போதும் ஓரத்துப் புளிய மரம் ஒரு வரிசை போகும். அந்த மரத்துக்கெல்லாம் நெடுஞ்சாலைத் துறை நம்பர் போட்டிருக்கும். வருஷா வருஷம் புளி ஏலம் விடுவாங்க. ஏலம் எடுத்தவர் உலுக்கும்போது கீழே சிதறினதைப் பொறுக்கிட்டு ஓடுவோம். மரம் இருந்தவரை நடந்து போறவனுக்கும் மாட்டுக்கும் நிழல். மரம் போனப்புறம் அந்த ரோட்டில் யாரும் நடந்து போறதில்லை.

இன்னொண்ணும் சொல்லணும், மறைக்கக்கூடாது. அந்த ரோடு எங்களுக்குக் களமாவும் இருந்தது. உளுந்து, எள்ளு, சம்பா நெல்லு எல்லாத்தையும் ரோட்டில்தான் போட்டோம். பஸ் சக்கரம் ஏறிப்போனா உளுந்து தானா உடைஞ்சு உதிரும், கூலி மிச்சம். வெளியூர்க்காரர்கள் திட்டிக்கிட்டே போவாங்க. ஒரு தடவை உளுந்துச் செடி மேல சறுக்கி ஒரு பைக்காரர் விழுந்து கை உடைஞ்சது. நாங்க போட்ட உளுந்துதான். அன்னைக்கு எங்கப்பா அவரைத் தூக்கி உட்கார வச்சு, கட்டுக் கட்டப் பணம் குடுத்து அனுப்பினார். அடுத்த வருஷம் களம் மெழுகி அதிலேயே போட்டார். மத்தவங்க விடலை.

இந்த ரோட்டோரத்தில் இன்னொரு அதிசயமும் உண்டு. உங்களில் வயசானவங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். வீராணத்திலிருந்து சென்னைக்குக் குடிதண்ணி கொண்டு போக முதல் தடவை போட்ட திட்டம் நின்னு போச்சு. கொண்டுவந்து இறக்கின ராட்சசக் குழாய்கள் வருஷக்கணக்கா ரோட்டோரத்தில் கிடந்தது. ஆள் நிமிர்ந்து நிக்கலாம், அவ்வளவு பெருசு. வீடு இல்லாதவங்க ரெண்டு பக்கமும் ஓலை கட்டி அதில் குடும்பம் நடத்தினாங்க. மறுபடி புதுத் திட்டம் போட்டு 2004-ல் தான் தண்ணி சென்னைக்குப் போச்சு. ஆக, நாலு வழி ரோடு எங்களுக்கு வர்றதுக்கு முன்னாடியே எங்க தண்ணி உங்க ஊருக்கு வந்துடுச்சு. இதைக் குறையாச் சொல்லலை. தாகத்துக்குத் தண்ணி கொடுக்கிறது தர்மம். எது அவசரம்னு முடிவு பண்றவங்க எங்கே உட்கார்ந்திருக்காங்கன்னு காட்டத்தான் சொன்னேன்.

சரி, இப்போ அணைக்கரைப் பாலம்.

2007, தை மாசம். எங்கப்பாவுக்கு விடியற்காலையில் நெஞ்சு வலி. பக்கத்து வீட்டு வேனில் படுக்க வச்சு கும்பகோணத்துக்குக் கிளம்பினோம். அணைக்கரை வரைக்கும் நல்லாத்தான் வந்தோம். அந்தப் பாலத்தில் ரெண்டு பெரிய வண்டி ஒண்ணையொண்ணு தாண்ட முடியாது. ஒரு பக்கத்தை நிறுத்தி ஒரு பக்கத்தை விடுவாங்க. அன்னைக்குப் பாலத்து நடுவில் கரும்பு லோடு ஏத்தின லாரி ஒண்ணு அச்சு முறிஞ்சு நின்னுடுச்சு. பின்னால முப்பது நாப்பது வண்டி. முன்னாலயும் போக முடியாது, திரும்பவும் முடியாது. வேன் டிரைவர் இறங்கி ஓடினார், கத்தினார். ஜனங்க இறங்கிக் கரும்பைத் தள்ளி, ஓரத்தில் வழி பண்ணாங்க. நாங்க பாலம் தாண்ட நாப்பது நிமிஷம் ஆச்சு.

அப்பா முழுசா நினைவோடதான் இருந்தார். "தண்ணி எவ்வளவு ஓடுதுடா?"ன்னு கேட்டார். வடவாத்துல தண்ணி விட்டிருக்கானான்னு அவருக்குக் கவலை. கடைசித் தண்ணி வேண்டிய சம்பா வயல்ல நின்னுக்கிட்டு இருந்தது. ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கினப்போ உயிர் இல்லை. முன்னாடியே வந்திருந்தா பிழைச்சிருப்பாரான்னு டாக்டரைக் கேட்டேன். "அப்படி உறுதியாச் சொல்ல முடியாதுங்க"ன்னார். நல்ல மனுஷர், அதுக்கு மேல நானும் கேட்கலை.

பிறகு அந்தப் பாலம் பலவீனமாப் போய், கனரக வண்டிகளை அதில் விடாம நிறுத்தி வச்ச காலமும் உண்டு. தேசிய நெடுஞ்சாலைன்னு பேர், மஞ்சள் கல்லு, ஆனா லாரி போகக்கூடாது. ஒரு ரோட்டோட தரம்ங்கிறது அதோட நல்ல இடத்தில் இல்லை. எந்த இடம் ரொம்பக் குறுகலோ அதுதான் முழு ரோட்டுக்கும் தரம். அணையோட வேலையே செய்யற ஒரு பாலத்தை வச்சுக்கிட்டு 165 கிலோமீட்டர் ரோடு ஓடிக்கிட்டிருந்தது.

இதே சமயத்தில் மத்த இடங்களில் என்ன நடந்தது? 1999-ல் வாஜ்பாய் பெங்களூரில் தங்க நாற்கரச் சாலைக்கு அடிக்கல் நாட்டினார். டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நாலு ஊரையும் நாலு வழிச் சாலையால் இணைக்கிறது. மொத்தம் 5,846 கிலோமீட்டர். அதில் நம்ம தமிழ்நாட்டுக்குச் சென்னை–பெங்களூர் ரோடும், ஆந்திரா போற ரோடும் வந்தது. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி போற இன்னொரு பெரிய ரோடு சேலம், நாமக்கல், கரூர், மதுரைன்னு போச்சு. சென்னையிலிருந்து திருச்சி போற ரோடு, தமிழ்நாட்டுக்கே முதுகெலும்பு மாதிரி ரோடு, ரெண்டு படத்திலும் நேரடியா இல்லை. டெல்லியிலிருந்து பார்த்தா அது ஒரு ஓரத்து ரோடு. பிறகு தாம்பரம்–திண்டிவனம், அப்புறம் உளுந்தூர்பேட்டை, பாடாலூர், திருச்சின்னு துண்டு துண்டா, வேற வேற ஒப்பந்தத்தில் போட்டாங்க. நீங்க அந்த ரோட்டில் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டின்னு சுங்கச்சாவடி மாறி மாறிப் பணம் கட்டுறதுக்குப் பின்னாடி இந்தத் துண்டுக் கதை இருக்கு.

திருச்சி ரோடே ஓரத்து ரோடுன்னா, அதிலிருந்து பிரியற எங்க ரோடு எங்கே? தங்க நாற்கரம்னு ஊரெல்லாம் பேச்சு, எங்களுக்கு இருகரம்தான். தஞ்சாவூர் போறவங்க திருச்சி சுத்திப் போக ஆரம்பிச்சாங்க. அறுபது எழுபது கிலோமீட்டர் அதிகம், ஆனா நேரம் குறைவு. வெளியூர் வண்டி குறைஞ்சதும் இந்த ரோட்டோரத்து ஹோட்டல்கள் ஒவ்வொண்ணா மூடினாங்க.

கடைசியா எங்க முறையும் வந்தது. 165 கிலோமீட்டரை மூணு பாகமாப் பிரிச்சாங்க. விக்கிரவாண்டி–சேத்தியாத்தோப்பு, சேத்தியாத்தோப்பு–சோழபுரம், சோழபுரம்–தஞ்சாவூர். மூணும் வேற வேற ஒப்பந்தம். தெற்கே தஞ்சாவூர்ப் பக்கம் முந்திக்கிச்சு, அடுத்து நாங்க, வடக்கே விக்கிரவாண்டிப் பக்கம் ரொம்பப் பின்தங்கிடுச்சு. என் அக்கா பையன் கேட்ட கேள்விக்கு நேரான பதில் இதுதான். ரோடு ஒண்ணு, ஒப்பந்தம் மூணு, அதுக்குக் கீழே இருநூறு வருஷத்துப் பழைய வழித்தடம்.

நிலம் எடுத்த கதையைச் சொல்லாம இது முடியாது. நாலு வழின்னா தார் மட்டும் அந்தப் பக்கம் 7 மீட்டர், இந்தப் பக்கம் 7 மீட்டர். நடுவில் தடுப்பு, ஓரம், சர்வீஸ் ரோடு, வாய்க்கால் எல்லாம் சேர்த்து 45 மீட்டர், சில இடத்தில் அதுக்கும் மேல. ஊருக்குள்ள அவ்வளவு இடம் கிடையாது. அதனால ஊருக்கு வெளியே வயல் வழியா பைபாஸ். எங்களுக்கு ஒரே இடத்தில் ரெண்டு காணி நிலம். காணின்னா 132 சென்ட். குறுக்கே கோடு போட்டாங்க. 62 சென்ட் ரோட்டுக்குப் போச்சு. கிழக்கே 48 சென்ட், மேற்கே 154 சென்ட். மோட்டார் கொட்டகை மேற்கே, களம் கிழக்கே.

இழப்பீடு மோசம்னு சொல்ல மாட்டேன். 2013-ல் வந்த நிலம் எடுப்புச் சட்டத்தோட இழப்பீட்டுக் கணக்கு 2015 ஜனவரியிலிருந்து நெடுஞ்சாலைக்கு எடுக்கிற நிலத்துக்கும் பொருந்துது. முன்னாடி நிலம் கொடுத்தவங்களை விட எங்களுக்குக் கூடத்தான் கிடைச்சது. பொண்ணு கல்யாணம் அந்தப் பணத்தில்தான் நடந்தது. நிலத்துக்குப் பணம் வந்துடுச்சு. தண்ணிதான் பிரச்சினையாச்சு.

எங்க பக்கத்துப் பூமி மேற்கே மேடு, கிழக்கே பள்ளம். ஜெயங்கொண்டம் பக்கத்துச் செம்மண் மேட்டில் பெய்யற மழையெல்லாம் கருவாட்டு ஓடை, செங்கால் ஓடை மாதிரி ஓடைகளிலும், பேர் இல்லாத எத்தனையோ வடிகால்களிலும் கிழக்கே ஓடி வீராணத்தில் விழணும். ரோடு தெற்கு வடக்காப் போகுது. பழைய ரோடு வயலை விட ரெண்டு அடிதான் உசரம், பெருமழையில் தண்ணி ரோட்டு மேலேயே ஏறிப் போயிடும். ரெண்டு நாள் பஸ் நிக்கும், ஆனா பயிர் பிழைக்கும். புது ரோடு ஆள் உசரத்துக்கு மேல. தண்ணி ஏற முடியாது. எங்க வடிகாலுக்கு அவங்க போட்டது ஒரு மீட்டர் குழாய்ப் பாலம்.

முதல் ஐப்பசி மழையிலேயே மேற்கே ஒன்பது நாள் தண்ணி நின்னுச்சு. தூர் கட்டுற சம்பா அழுகிடுச்சு. எனக்கு மட்டும் இல்லை, பதினேழு பேருக்கு. மனு எழுதினோம். குறைதீர் கூட்டத்தில் எழுந்து நின்னு பேசினோம். ஓர் அலுவலகத்தில் "டிசைன்படிதான் போட்டிருக்கு"ன்னு சொன்னாங்க. டிசைன் பண்ணவர் ஐப்பசியில் இங்கே வந்து நின்னாரான்னு கேட்டேன். பதில் இல்லை.

கடைசியில் ஒரு இளம் இஞ்சினீயர் நேரில் வந்தார். என் மகன் வயசுதான் இருக்கும். நான் ஒண்ணும் வாதம் பண்ணலை. மோட்டார் கொட்டகைச் சுவரைக் காட்டினேன். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் எங்கப்பா கரியால் ஒரு கோடு போட்டு, வருஷம் எழுதி வச்சிருந்தார். புது ரோட்டுக்கு அப்புறம் நின்ன தண்ணி எல்லாக் கோட்டுக்கும் மேல இருந்தது. அந்தப் பையன் டேப் வச்சு அளந்தார், போட்டோ எடுத்தார். "ஐயா, இந்தச் சுவரை மட்டும் இடிச்சுடாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போனார். அடுத்த மழைக்கும் மாறலை. அதுக்கடுத்த கோடையில் குழாயை எடுத்துட்டு ரெண்டு கண் பாக்ஸ் கல்வெர்ட் போட்டாங்க. இப்போ தண்ணி ரெண்டு நாளில் வடிஞ்சுடுது. எழுதப் படிக்கத் தெரியாத அப்பா, வருஷத்தை மட்டும் யாரையோ கேட்டு எழுதக் கத்துக்கிட்டவர். அவர் போட்ட கரிக்கோடு பதினேழு வீட்டுச் சோத்தைக் காப்பாத்துச்சு.

ஒரு குறை இன்னும் தீரலை. டிராக்டரை மேற்கேயிருந்து கிழக்கே கொண்டு போக, முன்னாடி இருபது அடி தாண்டினா போதும். இப்போ ஒண்ணே முக்கால் கிலோமீட்டர் போய்ச் சுரங்கப் பாதையில் திரும்பி, அதே தூரம் வரணும். 48 சென்ட்டுக்கு மூணரை கிலோமீட்டர். அதனால எங்க ஆளுங்க எதிர்ப்பக்கத்திலேயே ஓரமா ஓட்டிட்டு வர்றாங்க. தப்புதான். நானும் ரெண்டு மூணு தடவை செஞ்சிருக்கேன். பின்னால விளக்கு இல்லாத டிரெய்லர், இருட்டு, எதிரே நூறு கிலோமீட்டர் வேகத்தில் கார். இந்த ரோடு காருக்காகப் போட்டது. நாங்க இப்போ அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம், அந்த அட்ஜஸ்ட்மென்ட்டில் உயிர் போகுது. எங்க பஞ்சாயத்தில் டிரெய்லருக்கெல்லாம் சிவப்பு ஒட்டுப் பட்டை ஒட்ட ஆரம்பிச்சிருக்கோம். நீங்க சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எங்க பக்கம் வந்தா, இடது ஓரத்தில் கொஞ்சம் கண்ணு வச்சு ஓட்டுங்க. சர்வீஸ் ரோடு முடியற இடத்தில் இன்னும் கொஞ்சம் நிதானமா.

பொங்கல் முடிஞ்சு அக்கா பையன் குடும்பம் கும்பகோணம் கோயில்களுக்குக் கிளம்பினப்போ என்னையும் ஏத்திக்கிட்டான். அணைக்கரையில் இப்போ கொள்ளிடத்துக்குப் புதுப் பாலம். அகலமா, நேரா இருக்கு. கொஞ்சம் தள்ளி பழைய அணை தெரியுது, அது இப்பவும் தண்ணி தேக்குற வேலையைச் செஞ்சுக்கிட்டிருக்கு. பேத்தி முறைக் குட்டி ஒண்ணு பின் சீட்டில் இருந்து, "தாத்தா, எவ்ளோ தண்ணி!"ன்னு கத்துச்சு. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகலை.

நாளைக்கு உளுந்து தெளிக்கணும், ஆள் சொல்லியாச்சு. களம் மெழுகித் தயாரா இருக்கு. அடுத்த பதிவில் வீராணத்துக் கரை மண்ணைப் பத்தி எழுதுறேன்.